அப்பாவுக்கு வந்த இரைப்பைப் புற்று பிள்ளைகளுக்கும் வருமா? கிருமியும் மரபணுவும் கூட்டுச் சேரும் இடம்

வணக்கம் சகோதரி. உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் விளங்கும்படி முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த குடும்பம். அப்பா 58 வயதில் "வயிற்றுப் புற்று" வந்து இறந்துவிட்டார். அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்று, சிகிச்சை நடக்கிறது. உங்களுக்கு வயது 36. பல வருடமாகக் "கேஸ்ட்ரிக்" என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளித்து வருகிறீர்கள். இது பரம்பரையா, உங்களுக்கும் தம்பிக்கும் வருமா, பிள்ளைகளையும் சோதிக்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

என் பதில் இதுதான். மரபணுவை மாற்ற முடியாது. ஆனால் அந்த மரபணுவோடு கூட்டுச் சேர்ந்து ஆபத்தைப் பல மடங்காக்கும், இரைப்பையில் தங்கும் ஒரு கிருமியை இரண்டே வாரத்தில் ஒழிக்க முடியும். அதனால் உங்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் முதலில் செய்ய வேண்டியது கிருமிச் சோதனை. மரபணுச் சோதனை அக்காவிடமிருந்து தொடங்க வேண்டும், உங்களிடமிருந்து இல்லை. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சொல்லைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நம் வீடுகளில் "வயிற்றில் கட்டி" என்றால் அது இரைப்பையாக இருக்கலாம், பெருங்குடலாக இருக்கலாம், கல்லீரலாகவோ கணையமாகவோ இருக்கலாம். பெண்களுக்குக் கருப்பையும் சினைப்பையும் கூட அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். பரம்பரைக் கணக்குப் போடும்போது இந்த வித்தியாசம் பெரிது. குடல் புற்று என்றால் மருத்துவர் தேடும் மரபணு வேறு, இரைப்பை என்றால் வேறு. அதனால் அப்பா சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ரெக்கோட் பிரிவில், அவருடைய இறப்புச் சான்றிதழையும் உங்கள் பிறப்புச் சான்றிதழையும் காட்டி, திசுப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அங்கே அதை "எச்பிஇ ரிப்போர்ட்" என்பார்கள். அதில் "இன்டெஸ்டினல்" (இதுவும் இரைப்பைப் புற்றில் ஒரு வகைதான், குடல் புற்று இல்லை) என்று இருக்கிறதா, "டிஃப்யூஸ்" அல்லது "சிக்னெட் ரிங்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் மேற்கொண்டு எந்த வழியில் போவது என்று முடிவாகும்.

இனி கிருமிக்கு வருவோம். பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-இல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சி வந்து நிரூபித்தார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994-இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தக் கிருமியைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில், மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்று சேர்த்துவிட்டது.

இது அமிலத்தில் உயிர் வாழ்வதற்குக் காரணம் யூரியேஸ் என்ற நொதி. யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலம் இல்லாத ஒரு உறை போட்டுக்கொள்ளும். பெரும்பாலும் சிறு வயதில்தான் தொற்றும். வாய் வழியாக, வாந்தி வழியாக, மலம் கலந்த நீர் வழியாகப் பரவும். அந்தக் காலத்து லயங்களை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் ஆறேழு பேர், வரிசைக்கு ஒரு குழாய், பால்வெட்டுக்குப் போகும் அம்மாக்கள் விடியுமுன் பிள்ளையை விட்டுப்போன ஆயாக்கொட்டகை. ஒரே கிண்ணத்தில் பத்துப் பிள்ளைக்கு ஊட்டி, ஒரே துணியால் வாய் துடைத்தார்கள். யாருடைய தவறும் இல்லை, வாழ்க்கை அப்படி இருந்தது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் மருந்து கொடுக்காமல் இது தானாகப் போவது அரிது. ஆயுள் முழுக்க இருக்கும், பலருக்கு எந்தத் தொல்லையும் கொடுக்காமலேயே.

மலேசியாவில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று, இந்தத் தொற்று மலாய்க்காரர்களிடம் குறைவு, இந்தியர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்பது. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் உலகிலேயே மிகக் குறைவான அளவு பதிவாகியிருக்கிறது. ஆனால் இரைப்பைப் புற்று நம்மைவிடச் சீனர்களுக்குத்தான் அதிகம். காரணங்களில் ஒன்று கிருமியின் வகை. கிழக்காசிய வகையில் உள்ள காக்-ஏ என்ற புரதம் இரைப்பைச் செல்லைக் கடுமையாகத் தாக்கும். நம்மவர்களிடம் இருப்பது பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்து வகை. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் வயிற்றிலேயே அதுவும் வந்து சேர்ந்தது என்று கிருமியின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். "அப்படியானால் நமக்குப் பயமில்லை" என்று இதைப் படித்துவிடாதீர்கள். அது ஒரு இனத்தின் சராசரி. அப்பாவை இழந்த வீடு அந்தச் சராசரிக்குள் இல்லை.

கிருமி இருந்தால் கட்டாயம் புற்று வருமா? வராது. உலக அளவில் சராசரியாக, தொற்று உள்ள நூறு பேரில் ஏறத்தாழ ஒருவர் முதல் மூவருக்குத்தான் வாழ்நாளில் வருகிறது. ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். ஜப்பானில் 1,526 நோயாளிகளைச் சராசரி 7.8 ஆண்டு கவனித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இருந்த 1,246 பேரில் 36 பேருக்குப் புற்று வந்தது. தொற்று இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

உள்ளே நடப்பதைப் பால்மரம், அதாவது ரப்பர் மரம், தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். பட்டையை மெல்லிசாகச் சீவினால் புதுப்பட்டை ஒழுங்காக வளரும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டுவிட்டால், அந்த இடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு சரியாகப் பால் கொடுக்காது. இரைப்பையின் உள்தோலும் அப்படித்தான். வருடக்கணக்கில் அழற்சி இருந்தால் அமிலம் சுரக்கும் சுரப்பிகள் சுருங்கும். பிறகு அந்த இடத்தில் குடலின் தோல் போன்ற தோல் வளரும். அதற்குப் பிறகுதான் செல்கள் உருமாறத் தொடங்கிப் புற்றில் போய் முடியும். இதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால்தான் 36 வயதில் கிருமியை ஒழிப்பதற்கும் 66 வயதில் ஒழிப்பதற்கும் அவ்வளவு வித்தியாசம். முடிச்சு விழுந்த பிறகு கத்தியை எடுத்தால் புதிய காயம் நிற்கும், பழைய முடிச்சு பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

இப்போது மரபணு. ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ இழை அறுந்தால் ஒட்டுப்போடும் மரபணுக்கள் இருக்கின்றன: பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2, ஏடிஎம், பால்பி-2. பிஆர்சிஏ என்றால் மார்பகப் புற்று என்றுதான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். பைலோரி கிருமி இரைப்பைச் செல்லின் டிஎன்ஏ இழையை அறுக்கிறது. அறுந்ததை ஒட்டவேண்டிய மரபணு பிறவியிலேயே பழுது என்றால் என்ன ஆகும்? ஜப்பானில் 10,426 இரைப்பைப் புற்று நோயாளிகளையும் புற்று இல்லாத 38,153 பேரையும் ஒப்பிட்ட ஆய்வு 2023-இல் வந்தது. கிருமியும் இந்தப் பழுதும் சேர்ந்து உள்ளவர்களுக்கு 85 வயதுக்குள் இரைப்பைப் புற்று வரும் வாய்ப்பு 45.5 சதவீதம். கிருமி மட்டும் இருந்தால் 14.4 சதவீதம். கிருமி இல்லையென்றால், மரபணுப் பழுது இருந்தாலும் 5 சதவீதத்துக்குக் கீழே.

கடைசி எண்ணை இன்னொரு முறை படியுங்கள். இந்த வகைப் பழுது இருந்தும் கிருமி இல்லாதவர்கள் ஏறத்தாழத் தப்பித்தார்கள். இவை ஜப்பானியர்களின் எண்கள், அங்கே கிருமி வகையும் கடுமையானது, ஆகவே 45.5, 14.4 என்பவற்றை அப்படியே நம் வீட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆனால் இரண்டும் கூடினால் பெருகும் என்ற திசை தெளிவு. அப்பாவுக்கு இரைப்பை, அக்காவுக்கு இளவயதில் மார்பகம் என்ற உங்கள் வீட்டுக் கணக்கில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். மார்பகப் புற்று மரபணு அம்மா வழியில்தான் வரும் என்று நினைப்பது தவறு. அப்பாவிடமிருந்தும் அதே ஐம்பது சதவீத வாய்ப்போடு வரும்.

இதைவிட அரிதான, ஆனால் கடுமையான இன்னொன்று சிடிஎச்-1. செல்களை ஒன்றோடொன்று ஒட்டி வைக்கும் பசையை உண்டாக்கும் மரபணு. அதன் பழுது இரைப்பைப் புற்றைப் பரம்பரையாகக் கொண்டுவருவது 1998-இல் நியூசிலாந்து மாவோரி குடும்பங்களில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் பழுது இருந்தால் "டிஃப்யூஸ்" வகைப் புற்று வரும் வாய்ப்பு அதிகம். கட்டியாகத் திரளாமல் உள்தோலுக்கு அடியிலேயே பரவுவதால், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப்பில் தப்பிவிடலாம். பெண்களுக்கு "லோபுலர்" என்ற வகை மார்பகப் புற்றும் வரலாம். பிறவி உதட்டுப் பிளவு உள்ள பிள்ளைகளும் சில குடும்பங்களில் உண்டு. இங்கே கிருமியை ஒழித்தால் மட்டும் போதாது. சிலருக்குப் புற்று வருமுன்பே இரைப்பையை முழுதாக எடுத்துவிடும் அறுவை சிகிச்சைவரை பேச வேண்டியிருக்கும். அப்பாவின் அறிக்கையில் "டிஃப்யூஸ்" என்றும் அக்காவின் அறிக்கையில் "லோபுலர்" என்றும் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

மரபணுச் சோதனை ஏன் அக்காவிடமிருந்து? புற்று வந்தவரின் இரத்தத்தில் தேடினால்தான் எந்தப் பழுது என்று பிடிபடும். உங்களுக்கு முதலில் செய்து "ஒன்றுமில்லை" என்று வந்தால், வீட்டில் பழுதே இல்லையா அல்லது உங்களுக்கு மட்டும் வரவில்லையா என்று தெரியாது. அக்காவைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம், "41 வயதில் வந்திருக்கிறது, அப்பாவுக்கும் புற்று, மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள்" என்று கேட்கச் சொல்லுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அதற்கான பிரிவுகள் இருக்கின்றன. அக்காவுக்குப் பழுது கண்டுபிடித்தால், அந்த ஒரே பழுதை மட்டும் உங்களுக்கும் தம்பிக்கும் தேடினால் போதும். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று பல வீடுகளில் இதை மறைக்கிறார்கள். தம்பியிடமும் சித்தப்பா பிள்ளைகளிடமும் தயவுசெய்து மறைக்காதீர்கள், அவர்களுக்கு இது உயிர்ச் செய்தி.

இனி கிருமிச் சோதனை. அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் போய் "கேஸ்ட்ரிக்" என்று மட்டும் சொன்னால் மாத்திரை தந்து அனுப்பிவிடுவார்கள். "அப்பா இரைப்பைப் புற்றில் இறந்தார், எனக்குப் பைலோரி சோதனை வேண்டும்" என்று முழு வாக்கியமாகச் சொல்லி ரெஃபர் லெட்டர் கேளுங்கள். பல வருடத் தொல்லையும் அப்பாவின் கதையும் இருப்பதால் உங்களுக்கு நேராக ஸ்கோப் பார்ப்பதே சரி. தொல்லை இல்லாத தம்பிக்கு மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ போதும். மூச்சுச் சோதனையில் சில மணி நேரம் வெறும் வயிற்றோடு போய், ஒரு பையில் ஊத வேண்டும். கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி ஊத வேண்டும். கிருமி இருந்தால் யூரியாவை உடைத்து, அந்தக் கார்பன் மூச்சில் வெளிவரும். கார்பன்-13 கதிர்வீச்சு உள்ளதல்ல. விரல் குத்திப் பார்க்கும் இரத்தச் சோதனையை நம்பாதீர்கள், எப்போதோ இருந்து போன கிருமிக்கும் அது "இருக்கிறது" என்று காட்டும்.

எல்லாரும் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஓமெப்ரசோல், பாண்டோப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளைச் சோதனைக்கு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். ஆன்டிபயாட்டிக் எது சாப்பிட்டிருந்தாலும் 4 வாரம் இடைவெளி வேண்டும். இல்லையென்றால் கிருமி அடங்கிப் பதுங்கியிருக்கும், சோதனை "இல்லை" என்று பொய் சொல்லும். நீங்கள் கடை மாத்திரை போட்டுக்கொண்டே போனால் இதுதான் நடக்கும். இடையில் நெஞ்செரிந்தால் கேவிஸ்கான் குடித்துக்கொள்ளலாம், சோதனை நாளுக்கு முந்தைய நாளோடு அதையும் விடுங்கள். ஸ்கோப் போட்டால் திசு எடுத்தார்களா, எத்தனை இடத்தில் என்று கேளுங்கள். இரைப்பையின் கீழ்ப்பகுதி, வளைவு, மேல்பகுதி என்று ஐந்து இடத்தில் எடுப்பது முறை. அறிக்கையில் "அட்ரோஃபி", "இன்டெஸ்டினல் மெட்டாப்ளேசியா" என்ற சொற்கள் இருந்தால் அவைதான் நான் சொன்ன முண்டும் முடிச்சும். இரைப்பையில் பரவலாக இருந்தால் 3 வருடத்துக்கு ஒருமுறை ஸ்கோப். வீட்டில் புற்று இருந்தவர்களுக்கு அதைவிட நெருக்கமாகவும் பார்ப்பார்கள்.

கிருமி இருந்தால் சிகிச்சை 14 நாள். வழக்கமான மருந்து மூன்று, மூன்றும் தினம் இரண்டு வேளை: அமிலம் குறைக்கும் மாத்திரை, அமாக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மில்லிகிராம். அமில மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுங்கள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாய் முழுக்க இரும்பு சப்பியது போல் கசக்கும், வயிறு கொஞ்சம் போகும். ஐந்தாம் நாள் "சரியாகிவிட்டது" என்று நிறுத்துகிறவர்கள்தான் கிருமிக்கு மருந்தைப் பழக்கிக் கொடுக்கிறார்கள். முதல் சுற்றில் போகவில்லை என்றால் அதே கிளாரித்ரோமைசினை மறுபடி வாங்காதீர்கள். அடுத்த சுற்றுக்குப் பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் சேர்ந்த நாலு மருந்து முறை இருக்கிறது. அதில் மலமும் நாக்கும் கறுக்கும், பயப்பட வேண்டாம். டெட்ராசைக்ளினைத் தே தாரிக்கோடு (பால் தேநீரோடு) விழுங்கினால் பாலில் உள்ள கால்சியம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மெட்ரோனிடசோல் முடிந்து இரண்டு மூன்று நாள்வரை கள்ளோ பீரோ எதுவும் கூடாது, வாந்தியும் படபடப்பும் வரும்.

வீட்டில் பெரியவர்களுக்கும் இந்த மருந்து எழுதினால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்கள் கிளாரித்ரோமைசினோடு அதைச் சேர்க்கவே கூடாது, தசை சிதைந்து சிறுநீரகம் வரைக்கும் பாதிக்கும். அந்த இரண்டு வாரமும் சிம்வாஸ்டாட்டினை நிறுத்தச் சொல்வார்கள். இனிப்புநீருக்குக் கிளிக்லசைடு போடுகிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். எல்லா மருந்து உறைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள், பெயரை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டாம்.

மருந்து முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சு அல்லது மலச் சோதனை மறுபடி கட்டாயம். வலி போனது கிருமி போனதற்குச் சாட்சி இல்லை. கொரியாவில், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்று இருந்த, தொற்றும் உள்ள 1,676 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. ஏறத்தாழ 9 ஆண்டில், சிகிச்சை கொடுத்தவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும், ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெறும் மாத்திரை கொடுத்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்று வந்தது. கிருமி ஒழிந்தது உறுதியானவர்களை மட்டும் பார்த்தால் 0.8 சதவீதம், கிருமி நீடித்தவர்களில் 2.9. மறுசோதனை ஏன் என்று இதற்குமேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பூண்டு, மஞ்சள், தேன், தயிர் எதுவும் இந்தக் கிருமியை ஒழிக்காது. உப்பு அதிகமான கருவாடும் ஊறுகாயும் கிருமி உள்ள இரைப்பைக்குக் கூடுதல் கேடு, தினமும் வேண்டாம். சிகரெட் நிச்சயம் ஆபத்தைக் கூட்டும். பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள், அது புண் உண்டாக்கும்.

பிள்ளைகளுக்கு இப்போது எதுவும் வேண்டாம். தொல்லை இல்லாத சிறுவர்களுக்குக் கிருமிச் சோதனை செய்வதில்லை, மரபணுச் சோதனையும் அவர்கள் வளர்ந்து தாங்களே முடிவெடுக்கும் வயதில் செய்துகொள்ளலாம். ஊட்டுவதற்கு முன் சோற்றை உங்கள் வாயில் மென்று கொடுக்கும் பழக்கம் மட்டும் கூடாது.

ஆனால் உங்களுக்கோ தம்பிக்கோ எடை காரணமின்றிக் குறைந்தால், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிட்டால், சோறு தொண்டைக்குக் கீழே சிக்கினால், ஓயாமல் வாந்தி வந்தால், இரத்தச் சோகை என்று சொன்னால் இந்த வரிசை எதற்கும் காத்திருக்காதீர்கள். தார் போல் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்தோடு மலம் போனால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரை போடுகிறவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அப்படிப் பிசுபிசுக்காது.

வேலையை இந்த வாரமே பிரித்துக்கொள்ளலாம். தம்பி அப்பாவின் அறிக்கையை வாங்கட்டும், அக்கா தன் மருத்துவரிடம் கேட்கட்டும், நீங்கள் கிளினிக்குக்குப் போய் லெட்டர் வாங்குங்கள். ஸ்கோப் தேதி கிடைத்ததும் காலண்டரில் இரண்டு வாரம் பின்னோக்கி எண்ணி, ஓமெப்ரசோல் நிறுத்தும் நாளைச் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள். அறிக்கையில் வரும் சொற்களை இங்கே எழுதினால் விளக்கம் சொல்கிறேன்.